மூடிய கடையின் கதவில் ஒரு நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இதழில் வரும் கணினி கேள்வி–பதில் பகுதியை எங்கள் வீட்டில் முதலில் படிப்பவர் அப்பா. அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதே இல்லை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அதைப் படித்தாவது தெரிந்துகொள்ளலாமே என்று படிக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன் அதில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘ஒரு இணையதளம் என் செல்போனில் திறக்கிறது. அதே தளம் வீட்டு பிராட்பேண்டில் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?’ நீங்கள் தந்த பதில்: பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை (கேஷ்) அழியுங்கள், ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

பதிலில் தவறில்லை. பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் இன்னொரு காரணம் விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தளம் அந்த இணைப்பில் தடை செய்யப்பட்டிருக்கலாம். அதை வாசகருக்கு யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்தக் கடிதம் அந்த ‘சொல்லாமல்’ பற்றித்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் கோவில்பட்டி, வயது 27, சென்னையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனை வேலை. ஆபீஸ் பாஷையில் டெஸ்டர். மாதத்தில் பாதி நாள் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். இதில் நான் அதிகமாகச் சண்டை போடுவது எரர் மெசேஜ் விஷயத்தில். ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஒரு திரை வந்தால், புரோகிராம் மற்றபடி ஒழுங்காக ஓடினாலும், அதை பக், அதாவது பிழை என்று எழுதி டிக்கெட் போட்டுவிடுவேன். எழுதியவர் வந்து, “அதான் தப்புன்னு சொல்லுதே, அப்புறம் என்ன?” என்பார். என்ன தப்பு, யாரிடம் கோளாறு, அடுத்து நான் என்ன செய்யணும், இந்த மூன்றையும் சொல்லாத எரர் மெசேஜ் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

இனி என் மாமாவின் கதை. மாமாவுக்கு இங்கே ஒரு வீடியோ ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சடங்கு, புதுமனை புகுவிழா. பழைய கேமராவில் எடுத்ததும் புது கேமராவில் எடுத்ததுமாக அவரிடம் இருக்கிற வீடியோ கோப்புகளின் வகையைச் சொல்லி முடியாது. எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் ஓட்டிக்காட்டுகிற ஒரே மென்பொருள் விஎல்சி பிளேயர். ஆரஞ்சு நிறத்தில் ரோட்டோரக் கூம்பு படம் போட்டிருக்குமே, அதுதான். 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றைக்கும் வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாகத்தான் தருகிறது. விளம்பரம் கிடையாது, உங்கள் ஈமெயில் முகவரியைக் கேட்பதும் கிடையாது.

2022 ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் மாமா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். விஎல்சியை இறக்க அதன் சொந்தத் தளத்துக்குப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரருடன் சண்டை. அவர் வந்து பார்த்து, லேன் ஒயர் சரியில்லை என்றார். புது ஒயர் வாங்கியும் அதே வட்டம்தான். பிறகு மாமா எல்லாரும் செய்வதைச் செய்தார். கூகுளில் தேடி, வேறு ஏதோ ஒரு தளத்திலிருந்து ‘விஎல்சி’ என்று பெயர் போட்டதை இறக்கிக்கொண்டார். அதில் விஎல்சியும் இருந்தது. கூடவே பிரவுசரின் முகப்பை மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சூதாட்ட விளம்பரம் காட்டும் சாமான்களும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைத் துடைத்தேன். அத்தை மதியம் வைத்த மீன் குழம்புக்காக அதை மன்னித்தேன், அது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிந்தது, வீடியோலேன் தளம் அந்த வருடம் பிப்ரவரியிலிருந்தே இந்தியாவில் பல இணைப்புகளில் முடக்கப்பட்டிருந்தது என்று. சிலருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் கீழ் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் உத்தரவுப்படி தடை செய்யப்பட்டது என்று ஒற்றை வரி வந்தது. மாமாவைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை, வட்டம்தான். ஏன் தடை என்று மென்பொருளை எழுதியவர்களுக்கே சொல்லப்படவில்லை. அக்டோபரில் அவர்கள் டெல்லியில் உள்ள இண்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் அமைப்பின் உதவியுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, தடை உத்தரவின் நகலைக் கேட்டார்கள். நவம்பரில் தடை விலகியது. இதில் வேடிக்கை என்னவென்றால், தளம் மூடிக்கிடந்த அத்தனை மாதமும் அதே விஎல்சி செல்போனின் பிளே ஸ்டோரில் தாராளமாகக் கிடைத்தது. ஆபத்தான மென்பொருள் என்று நினைத்திருந்தால் அதையல்லவா முதலில் நிறுத்தியிருக்க வேண்டும்? பாதுகாப்பான வாசலை மூடியதால் ஜனங்கள் சந்து வழியாகப் போய்க் காலில் முள் குத்திக்கொண்டதுதான் மிச்சம்.

இது ஒரு தடவை நடந்த தவறு என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

2012-ல், நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. ‘3’ என்ற தமிழ்ப் படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றாமல் தடுக்க, அதன் தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தது. யார் ஏற்றப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியாது அல்லவா? அதனால் பெயர் தெரியாத எதிர்மனுதாரருக்கு நம் நீதிமன்றங்கள் ‘அசோக் குமார்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கின்றன. (எங்கள் தெருவில் இரண்டு அசோக் குமார்கள் உண்டு. இரண்டு பேரும் அப்பாவிகள்.) அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இணைய நிறுவனங்கள் வீடியோ பகிரும் விமியோ, டெய்லிமோஷன், எழுத்தை ஒட்டிப் பகிரும் பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுதாக மூடிவிட்டன. ஒரு வீட்டில் திருட்டு சிடி இருக்கலாம் என்பதற்காகத் தெருவையே அடைத்த கதை. ஜூன் மாதம் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது: குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியைத்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று.

2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை 32 முகவரிகளைத் தடுக்கச் சொன்னது. தீவிரவாத அமைப்பு ஒன்றின் பிரசாரம் அவற்றில் பகிரப்படுகிறது என்பது காரணம். பட்டியலில் மறுபடியும் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின். கூடவே புரோகிராமர்கள் துண்டு துண்டாகக் கோடு பகிரும் கிட்ஹப் ஜிஸ்ட், எளிய இணையதளம் கட்டிக்கொள்ள உதவும் வீப்ளி, இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆர்க்கைவ் தளம். எங்கள் டீம் லீடுக்கு அப்போது வேலையில் இரண்டாவது வருடம். புத்தாண்டு அன்றைக்குக் கோடு எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பட்டியலில், அடிக்கடி தட்டச்சு செய்யும் வாக்கியங்களை ஒரு பொத்தானில் ஒட்டித் தரும் ஒரு குட்டி மென்பொருளின் பக்கமும் இருந்தது. அதற்கும் தீவிரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பட்டியல் போட்டவர் ‘பேஸ்ட்’ என்ற சொல்லைத் தேடி வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே, ஏனென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. சில நாளில் ஒவ்வொன்றாகத் தடையை நீக்கினார்கள்.

2017 ஆகஸ்டில் அந்த ஆர்க்கைவ் தளத்துக்கு மறுபடியும் பூட்டு. இந்த முறை இரண்டு இந்திப் படத் தயாரிப்பு நிறுவனங்கள், அதே சென்னை உயர் நீதிமன்றம், 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள் கொண்ட பட்டியல். அப்போது நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன் தமிழ் இணையதளங்கள் என்னென்ன எழுத்துருவில் இருந்தன என்று ஒரு சின்ன புராஜெக்ட் செய்துகொண்டிருந்தேன். திஸ்கி, டேப், டேம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் தமிழைக் கம்ப்யூட்டருக்குள் நுழைத்த காலம் அது. அந்தப் பக்கங்கள் எல்லாம் செத்துப்போய் வெகுகாலமாயிற்று. அவற்றின் பிணத்தையாவது பார்க்கக் கிடைக்கிற இடம் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள அந்த ஆர்க்கைவ் ஒன்றுதான். ஒரு காலை திறந்தால் இல்லை. ஹாஸ்டல் வைஃபை வார்டன் ஏதோ செய்துவிட்டார் என்று நினைத்து அவரைத் திட்டினோம். பாவம், அந்த மனுஷனுக்கு வைஃபை பாஸ்வேர்டை மாற்றவே தெரியாது. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தடை தவறாகப் போடப்படலாம், மனிதர் செய்கிற வேலை. தவறு என்று தெரிந்து எடுக்கவும் செய்தார்கள். ஆனால் தெரிந்தது எப்படி? உலகம் முழுக்கப் பயன்படும் பெரிய தளமாக இருந்ததால் சத்தம் எழுந்தது, செய்தி வந்தது, எடுத்தார்கள். சாத்தூரில் ஒருவர் விதை வியாபாரத்துக்காக வீப்ளியில் நடத்திய நாலு பக்கத் தளத்தை மட்டும் மூடியிருந்தால் அவருக்காக யார் சத்தம் போட்டிருப்பார்கள்? வாடிக்கையாளர் வரவில்லையே என்று ஜாதகத்தைத்தான் பார்த்திருப்பார்.

தடை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதும் புரியும். அரசிடமிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ பட்டியல் இணைய நிறுவனங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி தடுக்கிறது. ஒரு வழி டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருகிற சேவை இது. அங்கே பொய் சொல்ல வைத்துவிட்டால் போதும். வழி கேட்டவனிடம் ‘அப்படி ஓர் ஊரே கிடையாது’ என்று சொல்வது மாதிரி. இன்னொரு வழி, உங்கள் பிரவுசர் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்று தொடக்கத்தில் சொல்கிற பெயரை ஒட்டுக்கேட்டு, அது பட்டியலில் இருந்தால் இணைப்பை வெட்டிவிடுவது. ஒரு நிறுவனம் ஒன்றைச் செய்யும், இன்னொன்று இரண்டையும் செய்யும், மூன்றாவது நிறுவனத்தில் பட்டியல் வந்த ஈமெயிலை யாரோ இன்னும் திறந்திருக்கவே மாட்டார்கள். உங்கள் வாசகருக்குச் செல்போனில் திறந்து பிராட்பேண்டில் திறக்காமல் போவது இதனால்கூட இருக்கலாம்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. 2023-ல் ஒரு இரவு, வேலைக்கு வேண்டிய ஒரு கருவியை நிறுவ முயன்றேன். பாதி வரை போய் நின்றுவிட்டது. அந்தக் கருவி தன் உதிரிக் கோப்புகளை கிட்ஹப்பின் ஒரு துணை முகவரியிலிருந்து எடுக்கும். அந்த முகவரி என் வீட்டு இணைப்பில் வரவே இல்லை. செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டால் வந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன்.

“மேடம், மோடத்துல லைட் என்ன கலர்ல எரியுது?”

“பச்சை.”

“அப்ப நெட் நல்லா இருக்கு மேடம்.”

“நெட் நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு முகவரி மட்டும் வரல. உங்க பக்கம் பிளாக் பண்ணியிருக்கீங்களான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

“நாங்க எதையும் பிளாக் பண்றதில்ல மேடம். ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்.”

அந்தப் பையன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவன் எதிரில் இருந்த திரையில் அந்தத் தகவல் இருந்திருக்காது. இரண்டு வாரத்தில் அந்த முகவரி தானாகவே வேலை செய்தது. தடையா, பழுதா, யாராவது சரிசெய்தார்களா, இன்று வரை தெரியாது. ஒரு டெஸ்டருக்கு இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது. தானாகச் சரியான பக் தானாகத் திரும்பியும் வரும்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். அப்பா வருவாய்த் துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ‘பிரிவு, உட்பிரிவு’ படிக்கிற பழக்கம் வீட்டில் உண்டு. அரசு இணையதளத்தைத் தடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பிற நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு என்று காரணங்களை வரையறுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். 2009-ல் வந்த விதிகளும் மோசமில்லை. உள்ளடக்கத்துக்குச் சொந்தக்காரரையோ அதை வைத்திருக்கும் நிறுவனத்தையோ கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுக்கணும், பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தரணும், போட்ட தடைகளை ஒரு குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூடிப் பரிசீலிக்கணும். அவசர நேரத்துக்குத் தனி வழி. எல்லாம் சரி. அப்புறம் 16-ஆவது விதி வருகிறது: வந்த கோரிக்கைகள், புகார்கள், எடுத்த நடவடிக்கைகள் அத்தனையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கப்பட வேண்டும்.

2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதுவதற்காகத் தண்டிக்க வழி செய்த 66ஏ பிரிவை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடை உத்தரவில் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதனால் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அதை எதிர்க்க முடியும் என்பது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “காரணத்தை எழுதிப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா ரிட்டுல எதைம்மா இணைப்பாங்க?” என்று கேட்டார். தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் மனுவை நிராகரித்தால்கூடக் காரணம் எழுதி, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று எழுதித் தருவார்களாம். சர்வீஸ் முழுக்க அந்தக் கடைசிப் பத்தியைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தது என்பார்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டில் போன வருடம் ஒரு கடைக்குச் சீல் வைத்தார்கள். ஷட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன தேதி, எந்த அதிகாரி, கீழே கையெழுத்தும் முத்திரையும். மழையில் நனைந்து பாதி கிழிந்தும் படிக்க முடிந்தது. கடைக்காரரும் படித்தார், டீ குடிக்க வந்தவர்களும் படித்தார்கள். நான் கேட்பது அந்த ஒரு காகிதம்தான். கடையைத் திற என்று கேட்கவில்லை.

தடையே கூடாது என்பவர்களும் என் நண்பர்களில் உண்டு. எனக்கு அந்த அளவு துணிச்சல் இல்லை. குழந்தைகளை வதைக்கும் படங்கள் இருக்கும் தளத்தை மூடினால் நான் ஏன் குறுக்கே நிற்கப் போகிறேன்? ‘விபிஎன் போட்டுக்கோ, பிரச்சினை தீர்ந்தது’ என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. (தடையைத் தாண்ட, வேறொரு கணினி வழியாகச் சுற்றிப்போக வைக்கும் சேவை அது.) எனக்கு விபிஎன் போடத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் இலவச விபிஎன் என்று எதையாவது இறக்கினால் மாமா இறக்கிய விஎல்சி கதைதான். காசு கொடுத்து வாங்கும் விபிஎன்களும், வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் சேமிக்க வேண்டும் என்ற 2022 உத்தரவுக்குப் பிறகு, சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டன.

வெளியே சொல்ல முடியாது என்பதும் உண்மையில்லை. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தபோது, 69ஏ பிரிவின் கீழ் என்று சொல்லி, 59 பெயரையும் வரிசை எண் போட்டு அரசே வெளியிட்டது. அதனால் நாட்டுப் பாதுகாப்பு எதுவும் கெட்டுப்போகவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டால் எண்ணிக்கையும் சொல்கிறார்கள்: 69ஏ-இன் கீழ் 2018-ல் தடுத்த முகவரிகள் 2,799, 2020-ல் 9,849. எண்ணிக்கை தெரிகிறது. அதில் மாமாவின் விஎல்சி மாதிரி எத்தனை என்பதுதான் தெரியாது.

2018 மே மாதத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்த வாரம். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். எனக்கு இன்டர்ன்ஷிப்புக்கான ஆன்லைன் தேர்வு அந்த வாரத்தில். பஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்பா என்னைச் சாத்தூருக்குக் கூட்டிப்போனார். அது விருதுநகர் மாவட்டம், நெட் இருந்தது. ஒரு பிரவுசிங் சென்டரில் நான் தேர்வு எழுத, அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அரைக் கிலோ சேவு வாங்கினோம். ஊரே துக்கத்தில் இருக்கும்போது சேவுப் பொட்டலத்தோடு போகக் கூச்சமாக இருந்தது. அப்பா அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நிறுத்தம் சரியென்று இன்றும் நான் நினைக்கவில்லை. சொந்தக்காரர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த வீடுகள் எத்தனையோ. ஆனால் யார் நிறுத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது. உள்துறை உத்தரவு, சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவுகிறது என்பது காரணம், இத்தனை மாவட்டம் என்று செய்தித்தாளிலேயே வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக முடிந்தது, போனார்கள். யார் மீது கோபப்படுவது என்று தெரிந்த கோபம் அது. 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில், இணைய நிறுத்த உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மூன்று மாவட்டத்துக்கு நெட்டை நிறுத்தினால் உத்தரவைக் காட்டணும், நாடு முழுவதற்கும் ஒரு தளத்தை நிறுத்தினால் காட்ட வேண்டாம் என்பது எனக்குக் கணக்கில் வரவில்லை.

தொழில்நுட்பத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பக்கம் இல்லையென்றால் 404 என்று வருமே, அது எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் 451 என்று ஓர் எண்ணை இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2016 பிப்ரவரியில் சேர்த்தது. ‘சட்டக் காரணங்களால் தர இயலவில்லை’ என்று அதற்கு அர்த்தம். யார் கேட்டார்கள், எந்தச் சட்டத்தில் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அந்த ஆவணம். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, என் துறைக்காரர்கள் கடிதம் போட்டுத் திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் இணைப்பில் வருகிறது. நடுவில் இருக்கும் இணைய நிறுவனம் அதற்குள் தன் அறிவிப்பை நுழைக்க முயன்றால் பிரவுசர் ‘யாரோ ஏமாற்றுகிறார்கள்’ என்று கத்தும். கத்தத்தான் வேண்டும், அதற்காகத்தான் பூட்டு. அதனால் தடுப்பவர் நினைத்தாலும் பெரும்பாலும் உங்கள் திரையில் காகிதம் ஒட்ட முடியாது.

அப்படியானால் காகிதத்தை வேறு சுவரில் ஒட்டலாம். அமைச்சகத்தின் தளத்தில் ஒரு தேடல் பெட்டி போதும். முகவரியைத் தட்டினால் தடை உண்டா, எந்த உத்தரவு எண், என்ன தேதி, எந்தப் பிரிவு அல்லது எந்த நீதிமன்றம், எங்கே முறையிடலாம் என்று வர வேண்டும். பட்டியலை அப்படியே வெளியிட்டால் அது கெட்ட தளங்களுக்கு விலாசப் புத்தகமாகிவிடும் என்பார்கள். நியாயமான பயம். அதனால்தான் தேடல் பெட்டி என்கிறேன்: முகவரி ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் பதில் வரும். இது உலகத்தில் யாரும் செய்யாததும் இல்லை. ரஷ்யாவில் 2012-லிருந்தே, ஒரு முகவரி தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் தட்டிப் பார்க்க முடிகிறது. இணையச் சுதந்திரத்துக்கு ரஷ்யாவை உதாரணம் காட்டுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த ஊர் வீடியோ ஸ்டூடியோக்காரர் லேன் ஒயர் மாற்ற வேண்டியதில்லை.

கஸ்டமர் கேர் பையனின் திரையிலும் அதே பெட்டி இருக்க வேண்டும். “ஆமா மேடம், இது தடை செஞ்ச முகவரி, உத்தரவு எண் இது” என்று அவன் சொல்லியிருந்தால் அன்றிரவு பதினோரு மணிக்குப் படுத்திருப்பேன்.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், 16-ஆவது விதியைத் திருத்தினால் போதும் என்று எனக்குப் படுகிறது. வக்கீல்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இதைச் சுருக்கி ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்பா சொன்னபடி பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து. அட்டை திரும்பி வந்துவிட்டது, யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வி–பதில் பகுதியில் அந்த வாசகருக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செல்போனில் திறக்கும் தளம் வீட்டில் திறக்கவில்லை என்றால், ரவுட்டரைக் கழற்றுவதற்கு முன் வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு தரம் திறந்து பார்க்கட்டும். அங்கேயும் திறந்தால் தேதி, நேரம், தளத்தின் முகவரி, இணைப்பு எந்த நிறுவனம், திரையில் என்ன வந்தது, இவற்றை எழுதி வைத்துக்கொள்ளட்டும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கட்டும். மென்பொருளை மட்டும் தெரியாத தளத்திலிருந்து இறக்க வேண்டாம்.

மாமாவிடம் ஒரு புது லேன் ஒயர் சும்மா கிடக்கிறது. பத்து மீட்டர். யாருக்காவது வேண்டுமென்றால் ஸ்டூடியோவில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனையாளர்,
கோவில்பட்டி.